ஸ்பைடர்மேன் கேம்: பிள்ளைக்கு வாங்கித் தருவதற்கு முன்

கோடை விடுமுறை வந்தாலே ஆலோசனைக்கு வரும் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஸ்பைடர்மேன் கேம் கேட்டு ஒரே அடம். வாங்கித் தரலாமா மேடம்?" கேட்பவர்கள் மனதில் இருப்பது தண்ணீர் பாட்டிலிலும் பென்சில் பாக்ஸிலும் ஒட்டியிருக்கும் ஸ்பைடர்மேன். சின்னப் பிள்ளைகள் சமாசாரம்தானே என்ற நினைப்பு. இன்னொரு சாரார், "எந்நேரமும் அடிதடி. அதைப் பார்த்து இவனும் கை நீட்டுவான்" என்று அடியோடு மறுத்துவிடுகிறார்கள். சிறார் மனநல ஆலோசகராக இரு தரப்புக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

நான் பேசுவது இன்சோம்னியாக் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி, 2018 செப்டம்பரில் டிவியில் இணைத்து விளையாடும் பிளேஸ்டேஷன் 4 கருவிக்கு வந்த கேமைப் பற்றி. 2022-இல் கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டதால் இன்னும் நிறைய வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. அமெரிக்கத் தரச்சான்று இதை 13 வயதுக்கு மேல் என்கிறது. ஐரோப்பியச் சான்று 16 என்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்குபவர்கள் அட்டையில் இருக்கும் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், நிறையவே இருக்கிறது. மன்ஹாட்டன் கட்டடங்களுக்கு நடுவே வலை வீசி ஊசலாடிப் போவது அத்தனை ஆனந்தம். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அடிபடாது. தப்புப் பண்ணினால் தண்டனை இல்லை என்பதால், எதற்கெடுத்தாலும் தயங்கும் பிள்ளைகள்கூட இதில் துணிந்து குதிக்கிறார்கள். சண்டை உண்டு, நிறைய உண்டு. ஆனால் ஸ்பைடர்மேன் யாரையும் கொல்வதில்லை. மொட்டை மாடியிலிருந்து ஒரு ரவுடியை உதைத்துத் தள்ளினால், அவன் கீழே போய்ச் சாவதில்லை. வலை தானாகப் பாய்ந்து அவனைச் சுவரோடு ஒட்டிவிடுகிறது. இதைப் பல பிள்ளைகள் என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஸ்பைடர்மேன் முகமூடிக்குள் இருக்கும் கதாநாயகன் பீட்டர் பார்க்கருக்கு இதில் 23 வயது. வாடகை கட்ட முடியாமல் வீட்டை விட்டு வெளியேற்றப்படுகிறான். வீடற்றவர்களுக்கான காப்பகத்தில் மே அத்தை வேலை செய்கிறார், இவனும் போய் உதவுகிறான். பணம், கார் என்று பறக்கும் நாயகர்களுக்கு நடுவே இப்படி ஒருவன் வளரும் பிள்ளைகள் கண்ணில் படுவது நல்லது என்றே நினைக்கிறேன். தனியாக விளையாடும் கேம் என்பதால் முகம் தெரியாதவர்கள் வந்து பேசும் வழியும் இல்லை. மொபைல் கேம்களில் பிள்ளைகள் அப்பாவின் கார்டை வைத்து டைமண்ட் (கேமுக்குள் செலவழிக்கும் காசு) வாங்குகிறார்களே, அந்தத் தொல்லையும் கிடையாது. புதிய உடைகளை விளையாடித்தான் பெற வேண்டும். தனியாக விற்கப்பட்டவை, பின்னால் வந்த மூன்று கூடுதல் கதைகள் மட்டுமே.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். விரல்களில் வலுக் குறைந்த பிள்ளைகளோடு பழகுவதால் இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. சில காட்சிகளில் ஒரே பட்டனைப் படபடவென்று தட்ட வேண்டும். செட்டிங்ஸில் ஒரு தேர்வை மாற்றினால், தட்டுவதற்குப் பதில் அழுத்திப் பிடித்தாலே போதும். திடீரென்று பட்டன் கேட்கும் காட்சிகளைத் தானாக நடக்க வைக்கலாம், புதிர்களைத் தாண்டிப் போகலாம், திரையில் வரும் வசனத்தைப் பெரிதாக்கலாம். கை நடுங்கும் ஒரு பையன், அந்தத் தேர்வை மாற்றிய பிறகு, அண்ணன் கையில் கன்ட்ரோலரைக் கொடுக்காமல் சண்டையைத் தானே முடித்ததை அவன் அம்மா கண் கலங்கச் சொன்னார்.

இனி குறைகள். பெரும்பாலான பெற்றோர் பயப்படுவது சண்டைக்கு. நான் பயப்படுவது கதையின் இரண்டு இடங்களுக்கு. (கதையைச் சொல்லப் போகிறேன். பெற்றோருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.) நகர மண்டபத்தில் ஒரு போலீஸ் அதிகாரிக்குப் பாராட்டு விழா நடக்கிறது. அங்கே குண்டு வெடிக்கிறது. பள்ளியில் படிக்கும் மைல்ஸ் மொராலிஸ் தன் அப்பாவை அங்கே இழக்கிறான். பிற்பாதியில் நகரம் முழுக்கக் கொடிய தொற்றுநோய் பரவுகிறது, மே அத்தையும் படுத்துவிடுகிறார். கையில் இருக்கும் மருந்து கொஞ்சம். அதை அத்தைக்குக் கொடுத்தால் ஊருக்கு மருந்து தயாரிக்க முடியாது. பீட்டர் ஊரைத் தேர்ந்தெடுக்கிறான், அத்தை இறந்துபோகிறார்.

கேம் வெளிவந்தபோது கொரோனா இல்லை. அதன்பின் பாட்டியையோ தாத்தாவையோ மருத்துவமனையில் கடைசியாகப் பார்க்கக்கூட முடியாமல் போன பிள்ளைகள் இதை விளையாடுகிறார்கள். ஒரு சிறுவன் அந்தக் காட்சிக்குப் பிறகு டிஸ்க்கையே தொடவில்லை. "பாட்டிக்கும் மருந்து இருந்துச்சா? நாமதான் குடுக்கலையா?" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான். 15 வயதில் இந்தக் காட்சி ஒரு பிள்ளையைச் சிந்திக்க வைக்கும். எட்டு, ஒன்பது வயதில் குற்ற உணர்ச்சியாகத் தங்கிவிடக்கூடும்.

அடுத்தது மேப். கதையை மட்டும் முடிக்க 15 முதல் 20 மணி நேரம் ஆகலாம். ஆனால் மேப் முழுக்க ஐகான்கள். 55 பழைய பைகளைத் தேடி எடுக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் இத்தனை குற்றங்களைத் தடுக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. தடுத்த குற்றம் அதே மாதிரி மறுபடி, மறுபடி வருகிறது. விளையாட்டாகப் பார்த்தால் இதுதான் இதன் பெரிய பலவீனம். எல்லாவற்றையும் நூறு சதவீதம் ஆக்கிவிட வேண்டும் என்று துடிக்கும் பிள்ளைகளுக்கு இது ராத்தூக்கத்தில் கைவைக்கிறது. "இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா" என்ற குரல் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. பீட்டரின் தோழி எம்.ஜே.யாக ஒளிந்து ஒளிந்து போகும் மிஷன்களும் (கதையில் முடிக்க வேண்டிய பணிகள்) அப்படித்தான். ஒருமுறை எதிரிகள் கண்ணில் பட்டால் முடிந்தது, கொஞ்சம் பின்னே போய் மறுபடி தொடங்க வேண்டும். கன்ட்ரோலர் சுவரில் பறப்பது இங்கேதான்.

இரவெல்லாம் விளையாடினான் என்பதற்காக "அடிமையாகிவிட்டான்" என்று முத்திரை குத்தாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இடம்பெற்றிருக்கிறது, 2022 முதல் அது நடைமுறையில் உள்ளது. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டே பெரிதாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகியவை சேர்ந்து, படிப்பையும் உறவுகளையும் கணிசமாகப் பாதித்து, பொதுவாக 12 மாதமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். லீவில் நாலு நாள் கண் சிவந்தது அதில் சேராது.

ஊசலாடும்போது சிலருக்குத் தலை சுற்றும். விளக்கைப் போட்டு, டிவியிலிருந்து தள்ளி உட்காரச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால், மின்னும் ஒளிக் காட்சிகள் பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, மணிக்கணக்கு வைப்பதைவிட மிஷன் கணக்கு வைப்பது பலன் தருகிறது. பாதி மிஷனில் பிளக்கைப் பிடுங்கினால் சண்டை நிச்சயம். "இந்த மிஷன் முடிஞ்சதும் நிறுத்து" என்றால் பெரும்பாலும் கேட்கிறார்கள். பிளேஸ்டேஷனில் பிள்ளைக்குத் தனிக் கணக்கு வைத்து, வயது வரம்பும் விளையாடும் நேரமும் குறித்துவைக்கலாம். 2020-இல் வந்த மைல்ஸ் மொராலிஸ் கேமுக்கும், 2023-இல் வந்த இரண்டாம் பாகத்துக்கும் இதே வயது வரம்புகள்தான்.

ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை என்றால், கதை எதுவரை வந்திருக்கிறது என்று இன்றே கேளுங்கள். அத்தை படுக்கையில் இருக்கும் கட்டம் நெருங்கிவிட்டால், அந்த ஒரு நாளாவது பக்கத்தில் உட்காருங்கள். காட்சி முடிந்ததும் உடனே எதுவும் சொல்ல வேண்டாம், அவன் என்ன கேட்கிறான் என்று பாருங்கள். பாட்டியைப் பற்றிக் கேட்டால், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.