தட்டில் இருப்பது மூளைக்கு எட்டுமா?

கோதுமையை நிறுத்தினால் ஆட்டிசம் குறையும், பாலை நிறுத்தினால் படிப்பு வரும், சர்க்கரை கொடுத்தால் பிள்ளை ஆடித் தீர்த்துவிடும் என்றெல்லாம் பெற்றோர் நடுவே பேச்சு ஓடுகிறது. எல்லாவற்றையும் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. சாப்பாடு ஒரு குழந்தையின் மூளையைக் கெடுக்க முடியும் என்பதற்கு மருத்துவத்தில் சந்தேகமே இல்லாத உதாரணம் ஒன்று உண்டு.

1934இல் நார்வேயில் ஒரு தாய், மனவளர்ச்சி குன்றிய தன் இரு குழந்தைகளை அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் காட்டினார். பிள்ளைகள் மீது ஏதோ ஒரு விநோத வாடை வீசுகிறது என்று அவர் பல இடங்களில் சொல்லிப் பார்த்திருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஃபோலிங் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடைச் சேர்த்தார். அது பச்சையாக மாறியது. அங்கே இருக்கக் கூடாத ஒரு அமிலம்தான் காரணம். பின்னாளில் இந்த நோய்க்கு ஃபினைல்கீட்டோனூரியா என்று பெயர் வந்தது.

நடப்பது இதுதான். பால், பருப்பு, முட்டை, இறைச்சி என்று புரதம் உள்ள எதிலும் ஃபினைலாலனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை டைரோசினாக மாற்ற வேண்டும். இந்தக் குழந்தைகளுக்கு அந்த நொதி பிறவியிலேயே சரியாக வேலை செய்யாது. கருவில் இருக்கும்வரை தாயின் உடல் பார்த்துக்கொள்கிறது. பிறந்து பால் குடிக்கத் தொடங்கியதும் இரத்தத்தில் ஃபினைலாலனின் ஏறுகிறது. மூளைக்குள் அமினோ அமிலங்களைக் கொண்டுசெல்லும் வாகனப் புரதம் பலவற்றுக்கும் பொது. டவுன் பஸ்ஸில் ஒரே கும்பல் ஏறிவிட்டால் மற்றவர்கள் நிறுத்தத்திலேயே நிற்பதுபோல, டைரோசினும், டிரிப்டோஃபன் என்ற இன்னொரு அமினோ அமிலமும் போதிய அளவு உள்ளே போக முடிவதில்லை. அவற்றிலிருந்து உருவாகும் டோபமின், செரடோனின் என்ற மூளைச் செய்தி வேதிப்பொருட்களின் உற்பத்தி குறைகிறது. நரம்பிழைகளைச் சுற்றும் மயலின் உறையும் சரியாக உருவாவதில்லை.

இது ஒவ்வாமை அல்ல. ஒவ்வாமை நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை. இது வளர்சிதை மாற்றக் கோளாறு. 'சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்ற ஒரே பேச்சுக்குள் இரண்டும் கலந்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹோர்ஸ்ட் பிக்கலும் உடன் இருந்தவர்களும் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஃபினைலாலனின் குறைந்த உணவைத் தயாரித்துக் கொடுத்தார்கள். அழுதபடி தலையை முட்டிக்கொண்டிருந்தவள் தவழ்ந்தாள், எழுந்து நின்றாள், நாற்காலியில் ஏறினாள். உணவால்தானா, வீட்டார் ஆசையால் அப்படித் தோன்றுகிறதா? தாய்க்குத் தெரியாமல் தினமும் 5 கிராம் ஃபினைலாலனினைக் கலந்து பார்த்தார்கள். ஒரே நாளில் பழைய அழுகையும் தலைமுட்டலும் திரும்பின. ஆறு நாளில் நிற்கவே முடியவில்லை. இன்றைய நெறிமுறைப்படி இதை யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஆனால் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலும் கிடைத்திருக்காது. இன்று பல நாடுகளில் பிறந்த சில நாட்களிலேயே குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து இந்த நோயைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். உடனே உணவை மாற்றினால் பிள்ளை மற்றவர்களைப் போலவே படிக்கும்.

அந்த மறைத்துக் கொடுக்கும் சோதனையை மற்ற நம்பிக்கைகளுக்கும் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஆகிறது. சர்க்கரைதான் முதலில் விழுந்தது. 1994இல் ஓர் ஆய்வில் எல்லாச் சிறுவர்களுக்கும் சர்க்கரையே இல்லாத பானத்தைக் கொடுத்துவிட்டு, பாதித் தாய்மார்களிடம் மட்டும் 'நிறைய சர்க்கரை கொடுத்திருக்கிறோம்' என்றார்கள். அந்தத் தாய்மார்கள்தான் பிள்ளை அதிகமாகத் துள்ளுவதாகச் சொன்னார்கள்!

செயற்கை நிறங்கள் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. 2007இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு, மூன்று வயதுக் குழந்தைகள் 153 பேருக்கும், எட்டு ஒன்பது வயதுக் குழந்தைகள் 144 பேருக்கும் நிறமும், கெடாமல் காக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோவேட்டும் கலந்த பானத்தையும், கலக்காத பானத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்தது. எது எதுவென்று குடும்பத்தாருக்குத் தெரியாது. சில கலவைகளில் துறுதுறுப்பு கொஞ்சம் கூடியது. கொஞ்சம்தான், எல்லாருக்கும் அல்ல. இரண்டும் சேர்ந்தே கொடுக்கப்பட்டதால் குற்றவாளி நிறமா, பென்சோவேட்டா என்று பிரிக்கவும் முடியவில்லை. இருந்தும் 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆறு நிறங்களுக்கு எச்சரிக்கை வாசகம் கட்டாயம். அந்த ஆறில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ உட்பட நான்கு இந்தியாவில் அனுமதிக்கப்பட்டவை. ஊட்டச்சத்தே இல்லாத சாயத்தைக் குறைப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை என்பது என் கட்சி.

ஆட்டிசத்துக்குக் கோதுமை, பால் இரண்டையும் விலக்கும் உணவுமுறை வேறு கதை. கோதுமைப் புரதமான குளூட்டனும் பால் புரதமான கேசினும் அரைகுறையாகச் செரித்து அபின் போன்ற துணுக்குகளாகி மூளைக்குப் போகின்றன என்பது கருதுகோள். அமெரிக்காவில் 14 குழந்தைகளை அந்த உணவுமுறையில் வைத்து, குளூட்டனையும் கேசினையும் மறைத்துக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வில் நடத்தையில் வித்தியாசம் தெரியவில்லை. 'உணவு ஒவ்வாமை' என்று விற்கப்படும், ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை அளக்கும் இரத்தப் பரிசோதனையும் இங்கே உதவாது. குழந்தை எதைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறது என்பதைத்தான் அது காட்டும். அதை நம்பிப் பாலையும் பருப்பையும் நிறுத்தினால் கால்சியமும் புரதமும் குறைவதுதான் மிச்சம்.

ஆனால் கோதுமை விஷயத்தில் சீலியாக் நோய் நிஜமானது. அதில் குளூட்டன் சிறுகுடலைச் சிதைக்கிறது, இரும்புச்சத்து ஏறாமல் போகிறது. இரத்தசோகை உள்ள பிள்ளைக்கு வகுப்பில் கவனம் நிற்காது. அடிக்கடி வயிற்றுக் கோளாறு, வளர்ச்சி மந்தம், தீராத இரத்தசோகை இருந்தால் மருத்துவரிடம் கேட்டு சீலியாக் பரிசோதனை செய்வது நல்லது. ஆனால் கோதுமையை நிறுத்தும் முன்பே செய்ய வேண்டும். நிறுத்திச் சில மாதங்கள் ஆனால் எதிர்ப்பொருள் அளவு இறங்கி, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.