தந்தை பெயர் எழுதப்படாத பிள்ளைகள்

அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சன், வர்ஜீனியாவின் மான்டிசெல்லோவில் இருந்த தம் பண்ணைக் கணக்கைத் தம் கையாலேயே எழுதிவந்தார். போர்வை, துணி, மீன், மாவு ஆகியவை யார் யாருக்கு எவ்வளவு என்று குறிக்கும் அந்தப் பேரேட்டில், ‘சாலி 73’ என்ற பதிவை அடுத்து பெவர்லி 98, ஹாரியட் 01, மேடிசன் 05, எஸ்டன் 08 என்று நான்கு பெயர்கள் வருகின்றன. எண்கள் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். சாலி ஹெமிங்ஸ் என்ற அடிமைப் பெண்ணின் பிள்ளைகள் பிறந்த காலம் இத்தனை துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், அவர்கள் சொத்தாக இருந்ததுதான். தந்தை பெயர் மட்டும் அங்கே இல்லை. பிள்ளை தாயின் நிலையையே பெறும் என்று வர்ஜீனியச் சட்டம் 1662இலேயே வகுத்துவிட்டதால், உடைமைக் கணக்குக்குத் தாயின் பெயரே போதுமானதாக இருந்தது.

பழைய ஆவணத்தைக் கையில் எடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது, அது எதற்காக எழுதப்பட்டது என்பதையே. 1790இல் தொடங்கிய அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 1840 வரை வீட்டுத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதியது. மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கையாக நின்றார்கள். பத்து வயதுக்குட்பட்ட ஆண்கள் இருவர் என்றால், அவர்கள் மகன்களா, உறவுப் பிள்ளைகளா, தொழில் பழக வந்த சிறுவர்களா என்பதை அந்தத் தாள் சொல்லாது. ஆகவே கட்டங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டும். 1800இல் பத்துக்குட்பட்ட கட்டத்தில் இருந்த சிறுவன், 1810இல் 10 முதல் 15 வரையுள்ள கட்டத்திலோ 16 முதல் 25 வரையுள்ள கட்டத்திலோ வந்தாக வேண்டும். வராவிட்டால் அவன் இறந்திருக்கலாம், வேறு வீட்டுக்குப் போயிருக்கலாம், எழுத வந்தவர் தவறவிட்டும் இருக்கலாம். அடிமைகள் அல்லாத எல்லோருடைய பெயரும் 1850 முதல்தான் பதிவாயிற்று. வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்ற கேள்வி 1880இல்தான் வந்தது. 1890இன் தாள்களில் பெரும்பகுதி, 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீ விபத்தை அடுத்து இல்லாமற்போனது.

ஹெமிங்ஸ் குடும்பத்தைத் தேடுபவருக்கு இன்னொரு தடையும் உண்டு. 1830இன் கணக்கெடுப்பில் வெள்ளையர் கட்டத்தில் எண்ணப்பட்ட சாலி, 1833இல் நடந்த தனிக் கணக்கெடுப்பில் கலப்பினத்தவராகப் பதிவானார். ஒஹையோவில் கலப்பினத்தவராக வாழ்ந்த எஸ்டன், 1852இல் விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்து, ஜெஃபர்சன் என்ற குடும்பப் பெயரை ஏற்று, வெள்ளையராக வாழ்ந்தார். பெயரும் இனமும் சேர்ந்தே மாறிவிட்ட மனிதரைப் பெயர்ப் பட்டியலை மட்டும் புரட்டிக் கண்டுபிடித்துவிட முடியாது.

தந்தை யார் என்பதை மேடிசன் 1873இல் ஓர் ஒஹையோ செய்தித்தாளில் வெளிப்படையாகச் சொன்னார்: ஜெஃபர்சன். வாய்மொழியைச் சரிபார்க்க உதவியது எதிர்பாராத சான்று ஒன்று. கடிதமும் செலவுக் குறிப்பும் ஓயாமல் எழுதியவர் ஜெஃபர்சன் என்பதால், எந்த மாதத்தில் அவர் எங்கே இருந்தார் என்பது ஏறத்தாழ முழுமையாகத் தெரியும். ஒவ்வொரு பிறப்பிலிருந்தும் ஒன்பது மாதம் பின்னோக்கிக் கணக்கிட்டால், ஒவ்வொரு முறையும் அவர் மான்டிசெல்லோவில் இருந்திருக்கிறார்; அவர் ஊரில் இல்லாத நீண்ட காலங்களில் சாலி கருவுற்றதாகத் தெரியவில்லை.

1998இல் மரபணுச் சோதனை நடந்தது. தந்தையிடமிருந்து மகனுக்குப் பெரும்பாலும் மாறாமல் இறங்குவது ஒய் குரோமோசோம். ஜெஃபர்சனுக்கு மனைவி வழியில் பிழைத்து வளர்ந்த மகன் இல்லாததால், அவருடைய தந்தையின் சகோதரரது ஆண் வழியினரிடம் மாதிரி எடுக்கப்பட்டது. எஸ்டனின் ஆண் வழி வாரிசின் மாதிரி அதனுடன் பொருந்தியது. தந்தையர் என்று நெடுநாள் சொல்லப்பட்டுவந்த, ஜெஃபர்சனின் சகோதரி மகன்களான கார் சகோதரர்களின் வழி பொருந்தவில்லை. சோதனையின் எல்லையையும் இங்கே சொல்லியாக வேண்டும்: ஒய் குரோமோசோம் குடும்பத்தைக் காட்டுமே தவிர, அக்குடும்பத்தின் எந்த ஆண் என்று காட்டாது. தம்பி ராண்டால்ஃபுக்கும் அதே குரோமோசோம்தான். பிறந்த காலம், இருந்த இடம், மேடிசனின் சொல் ஆகிய மூன்றும் சேரும்போதே முடிவு ஜெஃபர்சனை நோக்கிச் சாய்கிறது. இவற்றில் எதையும் தனியாக நிறுத்தி முடிவு சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

பெவர்லியும் ஹாரியட்டும் 1822இல் ஓடிப்போனதாகப் பேரேடு குறிக்கிறது. ஆனால் ஜெஃபர்சனின் உத்தரவுப்படி ஹாரியட்டுக்குப் பிலடெல்பியா வரை வண்டிக் கட்டணமும் 50 டாலரும் கொடுத்ததாகப் பண்ணை மேற்பார்வையாளர் எட்மண்ட் பேக்கன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். வழிச்செலவு கொடுத்து அனுப்பப்பட்டவரைத்தான் ஓடிப்போனவர் என்று அந்தக் கணக்கு எழுதியிருக்கிறது. அவர் வாஷிங்டனில் ஒரு வெள்ளையரை மணந்து பிள்ளைகளைப் பெற்றதாக மேடிசன் கூறினார். அந்தக் கணவரின் பெயர் தமக்குத் தெரியும் என்றும், முன்யோசனை கருதி அதைச் சொல்லப்போவதில்லை என்றும் கூறி அவர் நிறுத்திக்கொண்டார்.