மார்கழிக் கூதலில் முறிகண்டி வரை

மார்கழி விடியலில் இலங்கையின் வடக்கே வன்னியில் வெப்பமானி 21, 22 பாகை செல்சியஸ் காட்டும். எண்ணைப் பார்த்தால் அப்படியொன்றும் குளிரில்லை. ஆனால் இரவு முழுக்கத் தூறி, வாடையும் வீசுகிற காலையில் கிளிநொச்சியில் இருந்து ஏ9 வீதியால் தெற்கே முறிகண்டி நோக்கி நடந்து பாருங்கள். கடைத்தெரு முடியும் வரை ஒன்றும் தெரியாது. 155ஆம் கட்டையும் கழிந்து, இரணைமடுச் சந்தியை நெருங்க வெளி திறக்கும். அங்கேதான் கூதல் பிடிக்கும். வெப்பநிலை அதே 21தான், மாறியது காற்று மட்டுமே.

நமது தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 பாகை. தோலை ஒட்டிச் சில மில்லிமீற்றர் தடிப்பில் காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும். உடல் அதைச் சூடாக்கி வைத்திருப்பதால், நாம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய போர்வை ஒன்றைப் போர்த்தியபடிதான் திரிகிறோம். நகரத்தில் கட்டடங்களும் மதில்களும் காற்றை மறிப்பதால் அந்தப் போர்வை கலையாது. வயல்வெளிக்கு வந்ததும் வாடை அதை உரித்துக்கொண்டு போகும். உடல் திரும்பச் சூடாக்கும், காற்று திரும்ப உரிக்கும்.

சரி, நடக்கிறவருக்கு இது பெரிய சிக்கலா? இல்லை. சும்மா இருக்கும் உடல் 80 முதல் 100 வாற்று வெப்பத்தை வெளிவிடுகிறது. விறுவிறுவென்று நடந்தால் அது மூன்று, நான்கு மடங்காகும். தசை செலவழிக்கும் சக்தியில் கால் பங்கு அளவுதான் வேலைக்குப் போகிறது. மீதி முழுக்க வெப்பம். ஆகவே நடை தொடரும் வரை அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். குளிர் காத்திருப்பது நாம் நிற்கும் இடத்தில்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். முதல் தடவை போனபோது மழைக்கோட்டைக் கழுத்து வரை பூட்டிக்கொண்டு நடந்தேன். அறிவியல் நகர் வருவதற்குள் உள்ளே வியர்த்துக் கொட்டிவிட்டது. தூறல் விட்டிருந்ததால் கோட்டைக் கழற்றிவிட்டு மதகொன்றில் குந்தினேன். ஐந்து நிமிடத்துக்குள் உடம்பு கிடுகிடுவென நடுங்கத் தொடங்கியது.

நடந்தது இதுதான். பருத்திச் சேட்டு ஒரு தேநீர்க் கோப்பை அளவு, அதாவது 200 மில்லிலீற்றர் வியர்வையை உறிஞ்சியிருந்தது என்று வையுங்கள். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2.4 கிலோயூல் வெப்பம் வேண்டும். 200 கிராமுக்கு 480 கிலோயூல். சும்மா இருக்கும் உடல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் உண்டாக்கும் வெப்பம் அது. அதில் பாதியைச் சுற்றியுள்ள காற்றே கொடுத்தாலும் மீதியை நமது முதுகுதான் கொடுக்க வேண்டும். போதாததற்கு, நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். நடையை நிறுத்தியதும் அடுப்புத் தணிந்துவிட்டது, ஈரச் சேட்டு தன் வேலையை நிறுத்தவில்லை.

2022 டிசெம்பரில் மண்டூஸ் புயல் வந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் செத்து விழுந்ததை நாங்கள் மறக்க முடியாது. பட்டியையே இழந்த குடும்பங்கள் உண்டு. உறைபனி எங்கும் விழவில்லை. இடைவிடாத ஈரமும் காற்றுமே அவற்றின் சூட்டைப் பறித்தன. மாட்டின் மயிர் உலர்ந்திருக்கும்போது இடையிடையே காற்றைப் பிடித்து வைத்திருக்கும். நனைந்தால் தோலோடு படிந்துவிடும், அப்புறம் அது போர்வையே அல்ல. ஒதுங்க இடமில்லாத வெட்டவெளியில், மெலிந்த மாடு எவ்வளவு நேரம்தான் தாங்கும்?

இப்போது நான் நடை தொடங்கும்போது கொஞ்சம் குளிரட்டும் என்று விட்டுவிடுகிறேன். கால் மணி நேரத்தில் உடல் தானாகச் சூடாகும். வியர்க்கத் தொடங்கினால் முதலில் கழுத்துப் பொத்தானைத் திறப்பேன். உலர்ந்த சேட்டு ஒன்று சொப்பிங் பையில் கட்டியபடி இருக்கும். தண்ணீரும் எடுத்துப் போவேன். குளிரில் தோலுக்கு அருகேயுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்க இரத்தம் உள்ளே ஒதுங்கும். இரத்தம் கூடிவிட்டதாக உடல் கருதிச் சிறுநீராக நீரை வெளியேற்றும். தாகமும் தெரியாது.

முறிகண்டியில் கச்சான், அதாவது நிலக்கடலை, விற்கும் ஆச்சி ஒருவர் ஒருமுறை என்னைப் பார்த்ததும், "தம்பி, நனைஞ்ச சேட்டோட இருக்காதேங்கோ. முதல்ல அதைக் கழட்டுங்கோ, பிறகு தேத்தண்ணி குடிக்கலாம்" என்றார். அவர் சொன்ன ஒழுங்கு மிகச் சரி. ஒரு கோப்பைச் சுடு பிளேன்ரீ உடலுக்குக் கொடுப்பது ஏறக்குறைய 14 கிலோயூல் வெப்பம். ஈரச் சேட்டு பறிப்பதோடு பார்த்தால் அது எந்த மூலைக்கு? கச்சான் வேறு விதம், அது விறகு. ஒரு கைப்பிடிப் பருப்பில் 150 கிலோகலோரிக்கு மேல் இருக்கும், அரை மணி நேர நடைக்குத் தாராளமாகக் காணும்.

ஆனால் கச்சான் கோதை உடைக்க விரல் வேண்டுமே. விரல்கள் விறைத்துப்போய், கச்சான் நழுவி நழுவி மடியில் விழுந்தது. உலர்ந்த சேட்டைப் போட்டு, காற்றுப் படாத சுவரோரம் இருந்தேன். பத்து நிமிடம் போயிருக்கும். நடுவுடல் சூடாகிவிட்டது என்று மூளை நம்பியதும் விரல்களுக்குப் போகும் குழாய்களைத் திறந்துவிட்டது. நுனிகளில் ஊசி குத்துவது போலச் சுரீரென்றது. வெளுத்திருந்த நகக்கண்கள் சிவந்தன. அடுத்த கச்சான் ஒரே அழுத்தில் உடைந்தது.