அவனுக்கு இலட்சியம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்

சென்ற மாதம் ஒரு தகப்பன் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். மகனுக்கு வயது பதினேழு. இரவில் மூன்று மோட்டார் சைக்கிள்களில் போன ஆறு பேரில் அவனும் ஒருவன். ஒரு டியூசன் நிலையத்தின் படலையை உடைத்து, சந்தியில் கட்டியிருந்த பெறுபேற்றுப் பதாகைக்குக் கழிவு ஒயில் ஊற்றிவிட்டு வந்திருக்கிறார்கள். (ஆளை அடையாளம் காண முடியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) தகப்பன் சட்டைப் பையிலிருந்து பொலித்தீன் உறை ஒன்றை எடுத்து, உள்ளே நாலாக மடித்திருந்த தாளை விரித்தார். தரம் ஐந்து புலமைப்பரிசில் பெறுபேறு. ஏழு வருடப் பழசு. மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தே தேய்ந்துபோயிருந்தது.

"கெட்டிக்காரப் பிள்ளை, சேர். இப்போது ஒரு இலட்சியமும் இல்லாமல் திரிகிறான்."

நான் நன்னடத்தை உத்தியோகத்தன். இந்த வசனத்தைப் பொலிஸ் நிலையத்தில் கேட்கிறேன், அதிபர்களின் அறையில் கேட்கிறேன், கோயில் வீதியில் கச்சான் வாங்கும்போதுகூடக் கேட்கிறேன். பொறுத்தது போதும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

1938இல் ரொபேர்ட் மேர்ட்டன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவர்கள் அதை மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதி, மறந்திருப்பார்கள். சமூகம் எல்லோருக்கும் ஒரே இலக்கைக் காட்டுகிறது. அதை அடையும் முறையான வழியைச் சிலருக்குத்தான் திறந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இழுவிசையில்தான் பிறழ்வு நடத்தை பிறக்கிறது என்றார். திருடுகிறவன், போதைப்பொருள் விற்கிறவன் போன்றோரை அவர் 'புதுவழி காண்போர்' என்ற வகையில் சேர்த்தார். அவர்கள் இலக்கைக் கைவிட்டவர்கள் அல்லர். இறுகப் பிடித்துக்கொண்டு வழியை மட்டும் மாற்றியவர்கள். புது மோட்டார் சைக்கிள், கழுத்தில் சங்கிலி, மாடி வீடு, நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை — இவை எங்கிருந்து வந்தன? உங்கள் வீட்டு முன் விறாந்தையிலிருந்துதான் வந்தன. பையனிடம் இருப்பது உங்கள் இலட்சியமே.

உண்மையில் இலட்சியம் இல்லாதவர்களை அதே கட்டுரையில் வேறு இரண்டு இடங்களில் வைக்கிறார். ஒரு கூட்டம், இனிக் கிடைக்காது என்று தெரிந்தும் வழமையை விடாமல் செய்துகொண்டிருக்கும். காலை ஐந்தரைக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு மூன்றாம் தடவை உயர்தரம் எழுதப் போகும் பிள்ளைகளில் சிலரின் முகத்தைப் பாருங்கள். அவர்களைப் பற்றி யாரும் என்னிடம் முறையிடுவதில்லை, நல்ல பிள்ளைகளாம். மற்றக் கூட்டம் இலக்கையும் வழியையும் ஒன்றாகவே கைவிட்டு ஒதுங்கிவிடும். ஐஸுக்கும் ஹெரோயினுக்கும் இரையாகும் பிள்ளைகளில் பலர் அங்கே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அடுத்து, "எல்லாம் வறுமைதான், சேர்" என்பவர்கள். இவர்களுக்கும் மேர்ட்டனே பதில் சொல்லியிருக்கிறார். அன்றைய தென்கிழக்கு ஐரோப்பாவிலும் வறுமை இருந்தது. ஆனால் அமெரிக்காவில் இருந்த அளவுக்கு அங்கே வறுமைக்கும் குற்றத்துக்கும் தொடர்பு இருக்கவில்லை. 'எவனும் மேலே வரலாம்' என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வாசலை அடைத்து வைத்தால்தான் வெடிக்கும். இதைக் கேட்டவுடன், "அப்படியானால் அவரவர் அவரவர் இடத்தில் இருந்த பழைய காலம்தானே நல்லது" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அந்தப் பழைய காலத்தில் யார் யாரைக் கிணற்றடிக்கும் கோயிலுக்கும் விடாமல் வைத்திருந்தீர்கள் என்பது எனக்கும் தெரியும், ஐயா. திறக்க வேண்டியது வாசலை.

வறுமைக் கதையை 1897லேயே எமில் டேர்க்கைம் என்ற பிரெஞ்சு அறிஞர் கலைத்துப்போட்டார். பொருளாதார வீழ்ச்சியில் தற்கொலை கூடுவதை யாரும் எதிர்பார்ப்பார்கள். திடீர்ச் செழிப்பிலும் கூடுகிறது என்று காட்டினார். நேற்றுவரை எது போதும், எது அளவு என்று சொல்லிவந்த நெறி தளர்ந்துவிடுகிறது. ஆசைக்கு அணை இல்லை. இதற்கு அவர் வைத்த பெயர்தான் அனோமி, நாம் தமிழில் நெறியின்மை என்கிறோம். 2009இல் போர் முடிந்த பிறகு ஏ9 வீதியோடு சேர்ந்து வங்கிகளும் லீசிங் நிறுவனங்களும் எப்படி வந்திறங்கின என்று கண்ணால் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்குக் கனடாக் காசு வந்து மதில் உயர்ந்ததும், நம் வீட்டு வேலி ஒரே இரவில் கேவலமாகிவிட்டது.

சரி, ஒயில் ஊற்றியதில் அவனுக்கு என்ன இலாபம்? ஒரு சதமும் இல்லை. மேர்ட்டனின் கணக்கு இங்கே உதைக்கும். 1955இல் அல்பேர்ட் கோஹன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பிடித்துக்கொண்ட இடமும் இதுதான். பாடசாலை ஒரே அளவுகோலால் எல்லோரையும் அளக்கிறது. அதில் குட்டையாகிப்போனவர்கள் ஒன்றுசேர்ந்து அளவுகோலையே தலைகீழாகப் பிடிக்கிறார்கள். எது மதிக்கப்படுகிறதோ அதை நாசமாக்குகிறவன் அங்கே வீரன். அந்தப் பதாகையை நான் போய்ப் பார்த்தேன். சாதாரண தரத்தில் 9ஏ எடுத்த பதினொரு பேரின் படங்கள். நான்கு பேர் இவனோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இவனுக்கு ஆறு பாடங்கள் சித்தி. பாடசாலைக்கும் டியூசனுக்கும் அவன் தினமும் போகும் வழியில்தான் அந்தச் சந்தி.

"ஏன் தம்பி போனாய்?" என்று கேட்டேன். நெடுநேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். "அவர்கள் கூப்பிட்டார்கள், சேர்" என்றான்.

வேறு யாரும் கூப்பிடவில்லை என்று நான் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நீதிமன்றத்துக்குப் போகும் அறிக்கையில் மேர்ட்டனும் கோஹனும் வரமாட்டார்கள். எழுதினால் நீதவான் என்னைத்தான் விசாரிப்பார். இந்தக் கோட்பாடுகள் ஏன் ஒரு ஊரில் இப்படி நடக்கிறது என்று சொல்லும். ஏன் இந்தப் பிள்ளை, அவன் தம்பி ஏன் இல்லை என்று சொல்லாது. செய்ததற்கு அவன் பொறுப்பில்லை என்றும் அவை சொல்லவில்லை. படலைக்கு அவன் காசு கட்டத்தான் வேண்டும்.

இனி உங்களிடம். பிடிபட்ட பிள்ளையின் படத்தை 'வாள்வெட்டுக் குழு' என்று போட்டு வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். இந்தப் பையன் கையில் வாளே இருக்கவில்லை. மறுநாள் காலை ஊர் அவனுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டது. முதல் பிழை தற்செயலாக இருக்கலாம், ஊர் ஒட்டும் பெயர்தான் இரண்டாவது பிழையை எழுதுகிறது என்று 1951லேயே எட்வின் லெமெர்ட் என்ற இன்னொரு அமெரிக்கச் சமூகவியலாளர் சொல்லிவிட்டார். பாடசாலையிலிருந்து துரத்துவதும் அதே வேலைதான். அதிபர்மாரே, நீங்கள் பெயர் வெட்டிய பிள்ளை காற்றில் கரைந்துபோவதில்லை. ஒரு வாரத்தில் என் மேசைக்கு வருகிறான்.

கலியாண வீட்டில் பிள்ளைகளிடம் "எத்தனை ஏ?" என்று கேட்பதை நிறுத்துங்கள். உயர்தரத்தில் தகுதி பெறுவோரிலேயே பெரும்பாலானவர்களுக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை. பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பங்குபோட்ட வாசல் அது. தொழிற்கல்வியில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமையின் படிகள் ஏழு, ஏழாவது படி பட்டத்துக்குச் சமம். இது பெற்றோருக்குத் தெரியாமல் இருந்தால் மன்னிக்கலாம், சில ஆசிரியர்களுக்கே தெரியவில்லை. பதாகை கட்டத்தான் வேண்டும் என்றால் கட்டுங்கள். நல்லாக வெல்டிங் படித்து முடித்த பிள்ளையின் படத்தையும் ஒரு மூலையில் போடுங்கள். தயவுசெய்து.

பையன் இப்போது குளிர்சாதனப் பெட்டி, ஏசி திருத்தும் பயிற்சிக்குப் போகிறான். முதல் வாரமே ஒரு பழைய கொம்பிரசரைப் பிரித்து மறுபடி பூட்டினானாம். தகப்பன் இதைச் சொல்லத்தான் நேற்று வந்திருந்தார், மகிழ்ச்சிதான். எழுந்து கதவுவரை போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சேர், சுவிஸில் இருக்கிற அக்கா கேட்டால் என்ன படிக்கிறான் என்று சொல்லுவது?"