இணையின் மூச்சை எண்ணாதீர்கள்: டாங்கோ ஆடுபவர்களுக்கு ஓர் இயன்முறை மருத்துவரின் வேண்டுகோள்

இந்த மாதத்தில் இவர் மூன்றாமவர். நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி, இரு கைவிரல்களும் உதட்டோரமும் மரத்துப்போகின்றன, தலை சுற்றுகிறது, பிடரி வலிக்கிறது என்று வந்தார். கழுத்தெலும்புத் தேய்மானம் என்று அஞ்சி ஸ்கேனும் எடுத்திருந்தார். அதில் குறை ஒன்றும் இல்லை. எப்போது இப்படி ஆகிறது என்று கேட்டதற்கு, டாங்கோ ஆடும் இரவுகளில் மட்டும், அதுவும் இரண்டாவது பாட்டு முடிவதற்குள் வந்துவிடுகிறது என்றார். மூச்சைப் பற்றி யாரேனும் ஏதேனும் சொல்லிக்கொடுத்தார்களா என்றேன். "உடன் ஆடுபவரின் மூச்சும் நம் மூச்சும் ஒன்றாக ஏறி இறங்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள், இரண்டு மாதமாக அதைத்தான் பழகுகிறேன்" என்றார். முன்பு வந்த இருவரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள்.

நான் பணிபுரியும் பெர்லினில் டாங்கோ ஆடுபவர்கள் ஏராளம். புவெனஸ் ஐரிஸிலும் மான்டிவிடியோவிலும் பிறந்து, 2009இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்ற இந்த ஆட்டத்தில், இருவரும் மார்போடு மார்பு சேர நின்று நடக்கிறார்கள். அடுத்த அடி எது என்பது முன்கூட்டியே முடிவாவதில்லை. ஒருவர் நடத்த, மற்றவர் அவர் உடலின் அசைவிலிருந்து அதை அறிந்துகொள்கிறார். அவ்வளவு நெருக்கத்தில் மூச்சை மறைக்க முடியாது என்பதால், அதைக் கவனிக்கச் சொல்வது நல்ல ஆலோசனைதான். ஆனால் கவனிப்பது வேறு, ஒன்றாக்குவது வேறு.

இருவர் மூச்சையும் ஒன்றாக்க வேண்டும் என்ற இந்த ஒரு கருத்தைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. இருவரின் நுரையீரல் அளவு ஒன்றல்ல, உயரமும் எடையும் ஒன்றல்ல, ஆட்டத்தில் அவர்கள் செய்யும் வேலையும் ஒன்றல்ல. ஓய்வாக அமர்ந்திருக்கும் நலமான மனிதர்களிலேயே ஒருவர் நிமிடத்துக்கு 12 முறை மூச்சுவிடுவார், இன்னொருவர் 20 முறை விடுவார், இரண்டும் இயல்பே. நிதானமாக மூச்சுவிடும் நெடிய மனிதரின் தாளத்துக்குள் சிறிய உடல்வாகு உடையவர் தன்னை அடக்கினால், நான்கைந்து மூச்சுக்குள் காற்றுப் பசி எடுக்கும். அதைத் தீர்க்கப் பெரிதாக உறிஞ்சுவார். பதற்றத்தில் வேகமாக மூச்சுவிடுபவரோடு சேர்ந்துகொண்டாலோ, உடலுக்குத் தேவையானதைவிட அதிகமாகக் காற்றை வெளியேற்றுவார். இரண்டு வழியிலும் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. தலை சுற்றுவதும் விரல் மரப்பதும் அதனால்தான். இருவர் மனம் ஒன்றிப்போன சில கணங்களில் மூச்சும் தானாகச் சேர்வதுண்டு, அதை நான் மறுக்கவில்லை. அது வந்தால் வரட்டும், வராவிட்டால் ஆட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. அதைப் பாடமாக வைத்து, எண்ணிக்கை சொல்லி, வீட்டுப் பயிற்சியாகக் கொடுப்பதைத்தான் தவறு என்கிறேன்.

அந்தப் பெண்மணியை மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு ஓச்சோ போடச் சொன்னேன். தரையில் எட்டு வரைவதுபோல் இடுப்பைத் திருப்பி வைக்கும் அடி அது. அவருடைய கீழ் விலாக்களின் இரு புறமும் என் உள்ளங்கைகளை வைத்திருந்தேன். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்பு விலாக்கள் இறுகி நின்றன. திருப்பம் முடிந்ததும் தோள்கள் காதை நோக்கி ஏற, கழுத்தின் இரு தசைகளும் கயிறுபோலப் புடைத்தன. மூச்சை நிறுத்துகிறார், திரும்புகிறார், பிறகு அள்ளுகிறார். பிடரி வலிக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வயிற்றை உள்ளிழுத்து நெஞ்சை நிமிர்த்தினால்தான் நிலை தவறாது என்ற பழைய போதனையும் இதில் சேர்ந்துகொண்டிருந்தது. மூச்சை உள்ளிழுக்கும் முதன்மைத் தசையான உதரவிதானத்தின் பின்புறத் தண்டுகள் இறங்கிப் பற்றியிருக்கும் அதே இடுப்பு முள்ளெலும்புகளிலிருந்துதான் தொடையை வீசும் சோயாஸ் தசையும் புறப்படுகிறது. மேலே மூச்சு இறுகியிருக்கையில் கீழே கால் தாராளமாக வீசும் என்று எதிர்பார்க்க முடியாது.

பிறகு மூச்சால் ஆட்டத்துக்கு என்னதான் பயன்? பயன் நிறைய. அணைப்புக்குள் வந்ததும் உடனே அடி வைக்காதீர்கள். நெஞ்சை உயர்த்தாமல், விலாக்கள் பக்கவாட்டில் விரிய ஒரு மூச்சு உள்ளே போகட்டும், அது அவசரமில்லாமல் முழுவதும் வெளியேறட்டும். அந்த வெளிமூச்சில் தோள் இறங்குகிறது, எடை பாதத்துக்குச் சேர்கிறது, இதயத் துடிப்பும் சற்றே தணிகிறது. எதிரே இருப்பவர் அதை மார்பில் உணர்ந்து தானும் தளர்கிறார். அதற்கு அவர் உங்களோடு சேர்ந்து மூச்சுவிட வேண்டியதே இல்லை. அடி எடுத்து வைப்பதற்குச் சற்று முன் நடத்துபவரிடம் இயல்பாக எழும் சிறு உள்மூச்சு, பின்தொடர்பவருக்கு ஒரு முன்னறிவிப்பு. மூச்சை அடக்கி வைத்திருப்பவர் அந்த அறிவிப்பைக் கொடுப்பதுமில்லை, பெறுவதுமில்லை. திருப்பங்களில் காற்று வெளியேறிக்கொண்டிருக்கட்டும், இது ஒன்றுதான் நான் வற்புறுத்தும் விதி.

இசையும் இதற்குத் துணை நிற்கிறது. டாங்கோவின் குரலான பண்டோனியன், ஜெர்மனியில் உருவாகிக் கடல் கடந்த துருத்திக் கருவி. பெரும்பாலான பொத்தான்கள் துருத்தி விரியும்போது ஒரு சுரமும் சுருங்கும்போது வேறொரு சுரமும் தரும். வாசிப்பவர் காற்றைக் கணக்குப் பார்த்துத்தான் ஒரு வாக்கியத்தை முடிக்கிறார். கார்லோஸ் டி சார்லியின் இசைக்குழுப் பதிவுகளில் வாக்கியங்களுக்கு இடையே தெளிவான இடைவெளி கேட்கும். அங்கே அடி வைக்காமல் நின்று மூச்சுவிட்டுப் பாருங்கள். இருவரும் நிற்கும் அந்த நிறுத்தம் வெறுமையாகத் தோன்றாது.

இனி எச்சரிக்கைகள். வயிற்றைக் கவ்வும் இடுப்புப் பட்டையும் இறுக்கமான உள்ளாடையும் அணிந்துகொண்டு "மூச்சு வரவில்லை" என்று என்னிடம் வராதீர்கள். தலை சுற்றினால் அந்தப் பாட்டின் நடுவிலேயே நிறுத்திவிட்டு அமருங்கள். மூன்று நான்கு பாட்டுகள் கொண்ட தொகுதியை முடிக்காமல் விலகுவது மரியாதைக் குறைவு என்று நினைத்துத் தாங்கிக்கொண்டு ஆட வேண்டாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிச் சுழலவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை மேலங்கி அறையில் விட்டுவிட்டு ஆடுகிறார்கள், தயவுசெய்து அதை உடன் வைத்திருங்கள். இணையின் மூக்குக்கு அருகிலேயே உங்கள் கழுத்து இருக்கிறது என்பதை நினைத்து, வாசனைத் திரவியத்தைக் குறையுங்கள். நெஞ்சு வலி, ஒரு பக்கம் மட்டும் மரத்தல், பேச்சுக் குழறல், ஆட்டத்தை நிறுத்தியும் தணியாத மூச்சுத்திணறல், இவற்றில் எது வந்தாலும் மூச்சுப் பயிற்சியால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். "மூச்சைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாணவர் முகம் வெளிறினால் ஆட்டத்தில் லயித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாமல், அருகில் சென்று கேளுங்கள்.

அந்தப் பெண்மணி அடுத்த வாரம் மீண்டும் வருகிறார். ஆடும்போது அணியும் அதே காலணியையும் உடையையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வழக்கமாக உடன் ஆடுபவருக்கும் நேரம் இருந்தால் அவரையும் அழைத்து வரச் சொன்னேன்.