வெறியில் அடி விழும் வீட்டுக்குப் பாதுகாப்புக் கட்டளை: பொலிஸில் யாரும் சொல்லாத வழி

பொலிஸில் எழுதும் முறைப்பாடு வேறு. நீதிமன்றம் தரும் பாதுகாப்புக் கட்டளை வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் வருடக்கணக்காக அடி வாங்கியவர்கள் திருகோணமலையில் நிறையப் பேர். நான் கூடப் போன அக்கா ஒருவர் அதற்கு முன் ஐந்து தடவை பொலிஸுக்குப் போயிருந்தார். ஐந்து தடவையும் கணவரைக் கூப்பிட்டு அதட்டி, "இனிமேல் குடிச்சிட்டுக் கை வைக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கி, இரண்டு பேரையும் ஒரே ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரே ஓட்டோவில்! ஆறாவது தடவை போகும்போது அவருடைய இடது கை உடைந்திருந்தது.

இலங்கையில் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி நீங்களே நேராக நீதவான் நீதிமன்றத்துக்குப் போய், "இவர் என்னை அடிக்காமல், கிட்ட வராமல் தடுத்துத் தாருங்கள்" என்று கேட்கலாம். நிலைமை அவசரம் என்று நீதவானுக்குப் பட்டால், அடித்தவரைக் கூப்பிட்டு விசாரிக்கும் முன்பே இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கிடைக்கும். 14 நாளுக்குள் விசாரணைத் திகதி. விசாரணைக்குப் பிறகு வரும் முழுக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். சட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். மிச்சமெல்லாம் அலைக்கழிப்பின் கதை.

முதலில் பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். "அவரை உள்ளுக்குப் போட்டா சோத்துக்கு என்ன செய்யிறது, பிள்ளை?" என்று கேட்காத பெண் இல்லை. பிள்ளை ஐஸ் என்ற போதைப்பொருள் பாவிக்கிற வீட்டில் இந்தப் பயம் இன்னும் பெரிது. 2022 இல் சட்டத்தைத் திருத்திய பிறகு 5 கிராம் ஐஸ் பிடிபட்டாலே மரண தண்டனை வரை போகலாம் என்பது இப்போது எல்லாத் தாய்மாருக்கும் தெரியும். அதனால் மகன் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனாலும், தாயின் தலையில் கதிரையால் அடித்தாலும் வாய் திறக்க மாட்டார்கள். பாதுகாப்புக் கட்டளை கேட்பது யாரையும் குற்றவாளியாக்கும் வழக்கு அல்ல. "இதைச் செய்யாதே" என்று நீதிமன்றம் சொல்கிறது, அவ்வளவுதான். அதை மீறினால்தான் 10,000 ரூபா வரை தண்டமோ, ஒரு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ. மீறுவதும் மீறாததும் அவர் கையில் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை.

மேலே "மகன்" என்று எழுதியது தவறுதலாக அல்ல. இது புருஷன் பெண்சாதிக்கு மட்டுமான சட்டம் என்று அலுவலகங்களிலேயே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தாய் மகனுக்கு எதிராகக் கேட்கலாம். தங்கை அண்ணனுக்கு எதிராகக் கேட்கலாம். விட்டுப் போன பிறகும் வெறியில் வந்து வேலியைப் பிய்க்கும் முன்னாள் கணவருக்கு எதிராகவும் கேட்கலாம். எழுத்துப் பதியாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் உரிமை உண்டு. "விவாகச் சான்றிதழ் இல்லாட்டி ஒண்டும் செய்யேலாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சேர்ந்து வாழ்ந்தது தெரிந்தால் போதும். தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லாருக்கும் இந்தச் சட்டம் ஒன்றுதான். கிண்ணியாவிலும் மூதூரிலும் தாபரிப்புக் காசு கேட்கிற முஸ்லிம் பெண் காதி நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும். அடியிலிருந்து பாதுகாப்புக் கேட்க அவரும் நீதவான் நீதிமன்றத்துக்கே போகலாம்.

சரி, எங்கே ஆளைச் சுற்ற விடுகிறார்கள்?

பொலிஸில்தான் தொடங்கும். "பெண்கள் பிரிவு மிஸ் இல்ல, நாளைக்கு வாங்க." நாளைக்குப் போனால் "நேற்றே வந்திருக்கலாமே" என்பார்கள். முறைப்பாட்டைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. ஆனாலும் தமிழில் எழுதுகிறவர் இல்லை என்று சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வைக்காதீர்கள். "கணவர் குடித்துவிட்டுச் சத்தம் போட்டார், சமாதானமாகப் போக விருப்பம்" என்று எழுதியிருந்ததை ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் கண்டுபிடித்த கதை எனக்குத் தெரியும். அந்தப் பெண் சொன்னதோ கத்தியைப் பற்றி. எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம், எத்தனையாம் பந்தி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இலக்கம் இல்லையென்றால் பிறகு "அப்படி ஒரு முறைப்பாடு இல்லையே அம்மா" என்று சொல்வது சுகம்.

உங்கள் சார்பில் பொலிஸே நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கவும் சட்டம் இடம் தருகிறது. செய்தால் நல்லது. ஆனால் அவர்கள் செய்வார்கள் என்று பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம்.

அடுத்த பொறி இணக்க சபை. "முதல்ல இணக்க சபைக்குப் போங்க, சரிவராட்டி பிறகு கோட்" என்பது பொலிஸில் ஒரு பல்லவி. காணி எல்லை, கடன் தகராறு, சின்னக் கைகலப்பு இவற்றுக்கெல்லாம் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டம் இணக்க சபையைக் காட்டுவது உண்மைதான். பாதுகாப்புக் கட்டளை கேட்க அங்கே போயாக வேண்டியதில்லை. அங்கிருந்து துண்டு கொண்டுவர வேண்டியதுமில்லை. போனால் என்ன நடக்கும்? ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் முன்னால் உங்களையும் அவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்துவார்கள். அவர் அன்றைக்குக் குளித்து, வெள்ளைச் சேர்ட் போட்டு, வெறி முறிந்த முகத்தோடு வந்திருப்பார். அழவும் செய்வார். பொறுத்துப் போகச் சொல்லி அறிவுரை உங்களுக்குத்தான் கிடைக்கும்.

ஆஸ்பத்திரியில் நடக்கும் பிழை நம்முடையது. "கிணத்தடியில வழுக்கி விழுந்தனான்" என்று டொக்டரிடம் சொல்கிறோம். கூட வந்து வெளியே நிற்கிற கணவருக்குப் பயந்து, இல்லாவிட்டால் வெட்கத்தில். டொக்டர் அதையே எழுதுவார். பிறகு நீதிமன்றத்தில் உங்கள் உடைந்த கையே கணவருக்குச் சாட்சியாக நிற்கும். அடித்தது யார், எதனால், எப்போது என்று முதல் தடவையே சொல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டுவதற்கான படிவத்தைப் பொலிஸிடம் கேளுங்கள். கண்டல் நாளாக நாளாக மங்கி மறைந்துவிடும், ஆகவே உடனே போங்கள். பெரிய அரச வைத்தியசாலைகளில் "நட்பு நிலையம்" என்று ஒரு அறை வைத்திருக்கிறார்கள். வன்முறைக்கு ஆளான பெண்களோடு தனியே பேசுவதற்கான இடம் அது. பெயர்ப்பலகை கண்ணில் படாது, கேட்டால்தான் காட்டுவார்கள்.

சாட்சி யார் என்று கேட்பார்கள். மாமியாரைக் கொண்டுபோனால் வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன மாதிரிதான் முடியும். அடி கேட்டு ஓடிவந்த அயலவர், காயத்தைப் பார்த்த ஆசிரியை, வேலைத்தலத்தில் கூட இருப்பவர் என்று யாராவது ஒருவர் சத்தியக் கடதாசி (உண்மை என்று சத்தியம் செய்து எழுதிய வாக்குமூலம்) தந்தால் பலம். யாரும் வராவிட்டாலும் விண்ணப்பத்தைக் கைவிட வேண்டாம். உங்கள் வாக்குமூலமும் சாட்சியம்தான்.

எந்த நீதிமன்றம் என்பதிலும் ஒரு ஓட்டம் இருக்கிறது. பட்டினத்தில் கட்டிக்கொடுத்த பெண் அடி தாங்காமல் வெருகலில் தாய் வீட்டுக்குப் போயிருப்பார். "சம்பவம் நடந்த இடத்துக் கோட்டுக்குத்தான் போகணும்" என்று திருப்பி விடுவார்கள். அப்படியில்லை. நீங்கள் இப்போது இருக்கிற இடம், அவர் இருக்கிற இடம், அடி விழுந்த இடம் இந்த மூன்றில் எது உங்களுக்கு வசதியோ அந்த இடத்து நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். வெருகலில் இருப்பவர் மூதூருக்குப் போனால் போதும், திருகோணமலைக்கு வரத் தேவையில்லை. கந்தளாய்ப் பக்கத்தில் இருப்பவருக்குக் கந்தளாயிலேயே நீதிமன்றம் இருக்கிறது. பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகிற வீட்டில் இது சின்ன விஷயம் அல்ல. போயா நாளையும், அதாவது பௌர்ணமி விடுமுறையையும் கணக்கில் வையுங்கள். அன்றைக்குத் தவறணை பூட்டு, நீதிமன்றமும் பூட்டு. ஆனால் முதல் நாளே போத்தல் வாங்கி வைத்திருப்பார்கள், களவாகக் காய்ச்சும் கசிப்புக்கோ போயா என்று ஒன்று கிடையாது.

சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் திருகோணமலையில் இருக்கிறது. வருமானம் குறைவு என்று காட்ட வேண்டும். அதற்குக் கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் கேட்கப் போனால், சில வேளை கணவரின் உழைப்பையும் சேர்த்துக் கூட்டி எழுதிவிடுவார்கள். அந்த உழைப்பு தவறணையில் போய்ச் சேருவது ஊருக்கே தெரியும், ஆனாலும் படிவத்தில் அது உங்கள் வருமானம்! கையில் வரும் காசை மட்டும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். தனியே வாழ்கிறீர்கள் என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தில் என்னென்ன கேட்பது என்று பலருக்குத் தெரியாது. "அடிக்காமல் இருக்கச் சொல்லுங்கோ" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அவர் வீட்டுக்குள் வராமல் தடுக்கக் கேட்கலாம், வீடு அவருடைய பெயரில் இருந்தாலும் கூட. நம் பக்கத்தில் பாதி வீடு சீதன வீடு. பெண்ணின் தாய் தகப்பன் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து பெண்ணே பிள்ளைகளோடு இரவில் ஓடிவருவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். வேலைத்தலத்துக்கோ பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கோ வந்து கத்தாமல் தடுக்கக் கேட்கலாம். தொலைபேசியில் மிரட்டாமல் தடுக்கக் கேட்கலாம். குடிக்கக் காசில்லை என்று வீட்டை விற்காமல், ஈடு வைக்காமல் தடுக்கக் கேட்கலாம். உங்களுக்குச் சேர வேண்டியதை மறிக்காமல் தடுக்கவும் கேட்கலாம். அரசின் அஸ்வெசும நிவாரணக் காசு விழுகிற கணக்கின் அட்டையை அவர் சட்டைப் பையில் வைத்திருந்தால் அதை மறக்காமல் எழுதுங்கள். அவசரச் செலவுக்குக் காசும் கேட்கலாம். மாதாமாதம் தாபரிப்பு வேண்டுமென்றால் அது 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனி வழக்கு. சம்பளத் துண்டு உள்ள உத்தியோகம் என்றால் சம்பளத்திலேயே வெட்டலாம். கடலுக்குப் போகிறவர், மேசன் என்றால் அவர் எங்கே, யாரிடம், என்ன கூலிக்கு வேலை செய்கிறார் என்று நீங்கள்தான் காட்ட வேண்டிவரும். இப்போதே குறித்து வையுங்கள்.

"குடியை நிறுத்த ஆளை எங்கயாவது அனுப்பேலாதா?" என்றும் கேட்கிறார்கள். 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் ஊடாகக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பலாம். ஆனால் அது ஹெரோயின், ஐஸ், கஞ்சா போன்றவற்றுக்கு. சாராயத்துக்கும் கசிப்புக்கும் அந்தச் சட்டம் இல்லை. சாராயம் விற்றால் திறைசேரிக்கு வரி, குடித்தவரைத் திருத்துவது மட்டும் பெண்சாதியின் வேலை! குடிகாரருக்கு உள்ள வழி அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவு, அதுவும் அவர் சம்மதித்தால். ஒன்று மட்டும் கவனம்: பல வருடமாகத் தினமும் குடித்தவரை அறையில் பூட்டி வைத்து நிறுத்த முயலாதீர்கள். கை நடுக்கத்தில் தொடங்கி, வலிப்பு, புத்தி தடுமாற்றம் என்று போய் உயிரே போகலாம். தேநீரில் கலக்கும் தூள், காசு கட்டிப் போகும் பெயர் தெரியாத புனர்வாழ்வு முகாம் இவற்றிலும் கவனம். போதைப்பொருள் சிகிச்சை நடத்துகிற இடத்துக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள். அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929. நடுச்சாமத்தில் கத்தியோடு நின்றால் பொலிஸுக்கு 119.

இடைக்காலக் கட்டளை கிடைத்தவுடன் ஒரு நிம்மதி வரும். பெரும்பாலும் அங்கேதான் கதை குழம்புகிறது. அந்த 14 நாளும் அவர் குடிக்காமல் இருப்பார். மீன் வாங்கிக்கொண்டு வருவார். மச்சாள்மார் வந்து பேசுவார்கள். அடுத்த திகதிக்கு நீங்கள் போகாமல் விட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகி, எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். அவர் உண்மையாகவே திருந்தினாலும் கட்டளை இருப்பதால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. திகதிக்குப் போங்கள். 12 மாதம் முடியும் நாளைக் கலண்டரில் வட்டம் போட்டு, ஆபத்து தீரவில்லையென்றால் அதற்கு முன்பே நீதிமன்றத்துக்குப் போங்கள்.

கட்டளையின் பிரதி இரண்டு பேரின் பகுதிப் பொலிஸுக்கும் போக வேண்டும். போகும். ஆனாலும் அவர் மீறிய இரவில் போன் எடுத்தால் "எங்களுக்கு ஒண்டும் வரேல்லையே" என்பார்கள். ஆகவே உறுதிப்படுத்திய பிரதி இரண்டு மூன்று எடுங்கள். ஒன்றை நீங்களே பொலிஸில் கொடுத்து, வாங்கியவரின் பெயரையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று கைப்பையில் இருக்கட்டும். மற்றதை அம்மா வீட்டிலோ கூட்டாளி வீட்டிலோ கொடுத்து வையுங்கள். அலுமாரியில் வைத்த பிரதியை அவர் எடுத்து அடுப்பில் போட்டார் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவரோடு போன கிழமைதான் மறுபடியும் நீதிமன்றப் பதிவாளர் காரியாலய வரிசையில் நின்றேன்.