டிவி யூனிட் செய்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும்

வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கென்று பிளைவுட்டில் ஒரு யூனிட் செய்ய வேண்டும் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில் சேர்த்து வைத்த படங்களோடுதான் வருகிறார்கள். பலகைமேல் ஒட்டும் மைக்கா எந்த நிறம், எந்த இடத்தில் எல்இடி விளக்கு, கோடு போட்ட பேனல் எத்தனை அடி என்பதெல்லாம் அவர்கள் மனத்தில் முடிவாகியிருக்கும். யூனிட்டின் பின்பக்கம் எந்தச் சுவரை ஒட்டி வரும், அடிப்பக்கம் எதன்மேல் நிற்கும் என்று கேட்டால்தான் தயங்குவார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டு மரவேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் எனக்குப் பழுது பார்க்க வரும் அழைப்புகளில், முகப்பு கெட்டுப்போன யூனிட்டுகள் மிகக் குறைவு. பின்பலகை, அடிப்பலகை, வெட்டு விளிம்பு என்று கண்ணில் படாத இடங்களே கெட்டிருக்கும். செலவையும் கவனத்தையும் அந்த இடங்களில் முதலில் வைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இரண்டு பருவமழைகளையும் நன்றாகவே வாங்கும் மாவட்டம் இது. ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்து மூச்சு வாங்குவதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை, இவை போதாதென்று ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேரத்து இடிமழை. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் வீடுகளில் மழைக்காலத்தில் அலமாரியில் மடித்து வைத்த துணியிலேயே பூஞ்சை பிடிக்கிறது. வெளிச்சமும் காற்றும் படாத பிளைவுட் முதுகைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இதோடு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. அங்கே சாதாரண இரும்பு ஸ்குரூவும் மலிவான கீல்களும் பலகை கெடுவதற்கு முன்பே துருப்பிடித்துவிடும் என்பதால், ஸ்குரூ, கீல், டிராயர் ஓடும் சேனல் ஆகியவற்றைத் துருப்பிடிக்காத எஃகில், இயன்றால் 304 தரத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே முதல் முடிவு சுவரைப் பற்றியது. மழைச்சாரல் நேராக அடிக்கும் மேற்கு வெளிச்சுவரையும், மறுபுறம் குளியலறை இருக்கும் சுவரையும் இயன்றவரை தவிர்த்துவிடுங்கள். வேறு வழியில்லை என்றால், இரண்டடிச் சதுரப் பாலித்தீன் தாள் ஒன்றைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் டேப்பால் இறுக ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. அதை வெளிப்புறத்தில் சரிசெய்யாமல் உள்ளே பேனல் அடிப்பது, புண்ணை ஆற்றாமல் கட்டுப் போடுவதைப் போன்றது. இந்தச் சோதனையை மார்ச் மாதத்தில் செய்து ‘சுவர் காய்ந்திருக்கிறது’ என்று நம்புவதில் பயனில்லை; மழைக்காலத்தில்தான் செய்ய வேண்டும். அப்போது சோதித்து வைத்துக்கொண்டு, பலகை அறுக்கும் வேலையை ஜனவரிக்குப் பிறகு தொடங்குவது நல்லது. பிளைவுட் ஷீட்டுகள் வந்தவுடன் அறுக்காமல், அதே அறையில் தரையில் படாதபடி கட்டைகளின்மேல் படுக்கையாகச் சில நாள் கிடக்கட்டும்.

குலசேகரம் பக்கத்தில் ஒரு வீட்டில் டிராயர் இழுபடவில்லை என்று அழைத்தார்கள். முகப்பில் பளபளப்பான வெள்ளை மைக்கா. ஒரு கீறல்கூட இல்லை. டிராயரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தபோது, பின்பலகையில் விரல் அகலத்துக்கு மண் கோடுகள் கிளை பிரிந்து மேலேறியிருந்தன. பக்கப் பலகையின் அடி விளிம்பில் கட்டைவிரலால் அழுத்தினேன். மைக்கா பப்படம்போல் உள்வாங்கியது. இரண்டு மைக்காவுக்கும் நடுவே இருந்த மரம் முழுவதையும் சிதல், அதாவது கரையான், தின்று தீர்த்திருந்தது. சேனலின் ஸ்குரூக்கள் வெறும் மண்ணில் நின்றிருந்தன. அந்த யூனிட்டின் அடிப்பலகை நேராகத் தரை ஓடுகளின்மேல் வைக்கப்பட்டிருந்தது. பின்பலகை மைக்கா ஒட்டாமல், சுவரோடு ஒட்டி அடிக்கப்பட்டிருந்தது. சிதலுக்கு இருட்டும் ஈரமும் தேவை. இரண்டையும் நாமே ஏற்படுத்திக் கொடுத்தால் அது வேறெங்கே போகும்?

இதற்கான தடுப்பு, மைக்காவின் விலையோடு ஒப்பிட்டால், பெரிய செலவு அல்ல. தரையில் நிற்கும் யூனிட் என்றால், அடியில் நான்கு இஞ்சு உயரத்துக்குக் கிரானைட் துண்டுகளாலோ எஃகுக் கால்களாலோ தாங்கல் கொடுங்கள். பிளைவுட்டின் எந்த விளிம்பும் தரையைத் தொடக் கூடாது. 2021 நவம்பர் வெள்ளத்தில் மாவட்டத்தின் தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது பலருக்கும் நினைவிருக்கும்; அப்படிப்பட்ட இடங்களில் சுவரில் தொங்கும் யூனிட்டே மேல். வேலை தொடங்கும் முன், தரையும் சுவரும் சேரும் மூலையில் சுமார் ஓரடிக்கு ஒன்றாகத் துளையிட்டுக் கரையான் மருந்து செலுத்தச் சொல்லுங்கள். யூனிட் வந்தபின் அந்த மூலைக்குத் துளைக்கருவி எட்டாது. மருந்தை அந்தத் தொழில் தெரிந்தவர்களே கையாள வேண்டும்.

பின்பக்கத்துக்குச் சுவரோடு ஒட்டாமல் முக்கால் இஞ்சு முதல் ஓர் இஞ்சு வரை இடைவெளி விட வேண்டும். சுவர்ப் பேனலுக்குப் பின்னால் வைக்கும் பட்டிகளைச் செங்குத்தாக அடித்தால் காற்று கீழிருந்து மேலே போகும். குறுக்காக அடித்தால் ஒவ்வொரு பட்டியும் அதற்குத் தடையாகிவிடும். பட்டிக்கு மீந்துபோன நாட்டுக் கட்டையைப் போடுவது வழக்கமாகிவிட்டது. பூச்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது. மருந்தேற்றிய மரமோ பிவிசி பட்டியோ போடச் சொல்லுங்கள். பின்பலகையின் இரு பக்கத்திலும் மைக்கா வேண்டும். வெளியே தெரியாத பக்கத்துக்கு விலை குறைந்த 0.8 மி.மீ. மைக்கா போதும். ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டிய பலகை, மறுபக்கம் ஈரத்தை உறிஞ்சி வில்லாக வளையும். ஷட்டர்கள், அதாவது யூனிட்டின் கதவுகள், மூடாமல் வாய் பிளந்து நிற்பதற்குக் கீலைவிட இதுவே அதிகம் காரணமாகிறது. மேலும், கண்ணுக்குத் தெரியாத விளிம்புகளுக்கும் பட்டை ஒட்டச் சொல்லுங்கள். அல்லது குறைந்தது ஒரு கை பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். பிளைவுட் நீரை உறிஞ்சுவது பெரும்பாலும் விளிம்பு வழியாகத்தான்.

இனி பிளைவுட்டின் தரம். கடையில் ‘303’, ‘710’ என்று சொல்வது ஐஎஸ் எனப்படும் இந்தியத் தர எண்களை. ஐஎஸ் 303 பொதுப் பயன்பாட்டுக்கான பிளைவுட். ஐஎஸ் 710 மரைன் பிளைவுட். 710 தரத்தில் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டும். பிளைவுட்டாக அடுக்கி ஒட்டும் மர ஏடுகளுக்கு மருந்து ஏற்றியிருப்பதும் அதன் நிபந்தனை. ஆனால் 710 போட்டுவிட்டோம் என்பதற்காகத் தாங்கலையும் மூலை மருந்தையும் விட்டுவிடுவது சரியல்ல. என் கருத்தில், அடிப்பலகை, பக்கப் பலகைகள், பின்பலகை ஆகியவற்றுக்கு 710-உம், உள்தட்டு, டிராயர் போன்றவற்றுக்கு நல்ல 303-உம் போதும். முழுவதும் 710 போடுவதற்கு ஆகும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல கீல்களுக்குச் செலவிடலாம். ஷீட்டின்மேல் அச்சிட்ட ஐஎஸ்ஐ முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணை இட்டால், அது எந்த நிறுவனத்தினுடையது, இப்போது நடப்பில் உள்ளதா என்று தெரிந்துவிடும். முத்திரையைப் பலரும் பார்க்கிறார்கள். எண்ணைச் சரிபார்ப்பவர்கள் அபூர்வம்.

எண் சரியாக இருந்தாலும் ஷீட்டின் வெட்டு விளிம்பைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஏடுகளுக்கு நடுவே ஓட்டைகள் இருந்தால், அங்கே அடிக்கும் ஸ்குரூ பிடிக்காது. பூச்சிக்கும் அதுவே வாசல். விரல் முட்டியால் ஷீட்டைத் தட்டிக்கொண்டே போனால் உள்ளே காலியாக உள்ள இடத்தில் ஒலி மாறும். நம் மாவட்டத்து ரப்பர் மரமும் பெரும்பாவூர் ஆலைகளின் வழியாகப் பிளைவுட்டாகித் திரும்பி வருகிறது. ரப்பர் மரம் மோசமான மரம் அல்ல. அதில் மாவுச்சத்து மிகுதி என்பதால் மருந்தேற்றாவிட்டால் துளைப்பூச்சியும் பூஞ்சையும் விரைவில் பிடிக்கும். தரச் சான்றில்லாத மலிவு ஷீட்டில் அந்த ஆபத்து அதிகம்.

அளவுக் கணக்கில் தெரியாமலே பணம் வீணாகும் இடம் ஒன்று உண்டு. ஒரு ஷீட் எட்டுக்கு நான்கு அடி, அதாவது 2440-க்கு 1220 மி.மீ. அடிப்பெட்டியின் ஆழத்தைப் பதினாறு இஞ்சு என்று முடிவு செய்தால், அகலவாக்கில் மூன்று பட்டைகள் சரியாக வரும்போல் தோன்றும். ஆனால் ஒவ்வொரு அறுப்பிலும் வாள் சுமார் 3 மி.மீ. தின்பதால் மூன்றாவது பட்டை குறைந்துபோகும். 400 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் மூன்று பட்டைகளும் விளிம்பைச் சீவி எடுக்கும் அளவுக்கு இடமும் கிடைக்கும். ஒரு பட்டை மேற்பலகை, ஒரு பட்டை அடிப்பலகை. மூன்றாவதிலிருந்து 450 மி.மீ. உயரத்தில் ஐந்து செங்குத்துப் பலகைகள். ஏறக்குறைய எட்டடி நீள யூனிட்டின் கூடு முழுவதும் 18 மி.மீ. ஷீட் ஒன்றிலேயே முடிந்துவிடுகிறது. ஷட்டர்களுக்கு இரண்டாவது ஷீட். இந்த அமைப்பில் ஒவ்வொரு அறையும் சுமார் இரண்டடி அகலமே வரும் என்பதால் மேற்பலகை தொய்யாது. அகலத்தை இரட்டிப்பாக்கி அதே அடர்த்தியில் பொருள்களை அடுக்கினால் தொய்வு 16 மடங்காகும், 18 மி.மீ.க்குப் பதில் 12 மி.மீ. போட்டால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். தட்டுப் பலகையில் மேல் ஏட்டின் இழை நீளவாக்கில் ஓட வேண்டும் என்பதை அறுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

55 இஞ்சுத் தொலைக்காட்சியின் அகலம் ஏறக்குறைய நான்கடி, உயரம் சுமார் 27 முதல் 28 இஞ்சு. சோபாவில் உட்கார்ந்தால் கண்மட்டம் தரையிலிருந்து சுமார் 40 முதல் 42 இஞ்சு வரும். திரையின் நடுப்பகுதி அங்கே இருந்தால் போதும். படங்களில் பார்ப்பதுபோல் உத்தரத்தை எட்டும் உயரத்தில் மாட்டிவிட்டுக் கழுத்துவலி என்பதில் பொருளில்லை. வீட்டுப் பெரியவர்கள் தரையில் பாய் விரித்துத்தான் பார்ப்பார்கள் என்றால் இன்னும் சற்று இறக்கலாம்.

மின் இணைப்புகளை மரவேலைக்கு முன்பே முடிக்க வேண்டும். எச்டிஎம்ஐ கம்பியின் முனை, சுவருக்குள் பதிக்கும் முக்கால் இஞ்சுக் குழாயில் நுழையாது. பேனலுக்குப் பின்னால் விட்ட இடைவெளியிலேயே அதை இறக்கிவிடலாம். செட்டாப் பெட்டியும் ஆம்ப்ளிஃபயரும் இருக்கும் அறைக்குக் கீழும் மேலும் காற்றுத் துளை வேண்டும். எல்இடி விளக்கின் டிரைவரைப் பேனலுக்குள் வைத்து மூடிவிட்டால், அது கெடும் நாளில் பேனலை உடைக்க வேண்டி வரும். பிளக்குகள் கைக்கு எட்ட வேண்டும் என்பதை நான் வற்புறுத்துவது நம் ஊர் இடிமழைக்காகத்தான். மேகம் கறுக்கும்போது தொலைக்காட்சி, டிஷ் கம்பி, இணையக் கம்பி மூன்றையும் சில நொடிகளில் பிடுங்க முடியாத யூனிட், எத்தனை அழகாக இருந்தாலும், சரியான யூனிட் அல்ல. சுவிட்சை மட்டும் அணைத்தால் கம்பி வழியாக வரும் மின்னல் அதிர்ச்சி நிற்காது.

தொலைக்காட்சியின் தாங்கியை 12 மி.மீ. பேனலில் மட்டும் முறுக்கி நிறுத்தக் கூடாது. பேனலைக் கடந்து சுவருக்குள் பிடிக்கும் நீளமான ஆங்கர் போல்ட்டு வேண்டும். ஹாலோ பிளாக் சுவரில் சாதாரணப் பிளக் உள்ளே காலியிடத்தில் சுழலும். அதற்கென்று வரும் ஆங்கர்களையே கேளுங்கள். டிராயர்களை ஏணிப்படியாக்கி ஏறுவது குழந்தைகளின் இயல்பு. ஆகவே, தரையில் நிற்கும் யூனிட்டாக இருந்தாலும் சுவரோடு இரண்டு இடங்களில் பிணைத்துவிடுங்கள். மைக்கா ஒட்டும் பசையில் கரைப்பான் சேர்ந்த வகை எளிதில் தீப்பிடிக்கும். அந்த வேலை நடக்கும் நாளில் சன்னல்களைத் திறந்து வைத்து, அந்த அறையிலும் பக்கத்து அறையிலும் அடுப்பும் விளக்கும் ஏற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூலியும் விலையும் சதுர அடிக் கணக்கில் பேசப்படுவதால், அது முகப்பின் பரப்பா, எல்லாப் பலகைகளின் பரப்பா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பின்பலகை, உள்பக்க மைக்கா, தாங்கல் மூன்றும் அதில் அடங்குமா என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். மைக்கா ஒட்டுவதற்கு முன் கூட்டை ஒருமுறை நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள். தயங்கும் ஒப்பந்தக்காரரிடம் ஏன் என்று கேட்கலாம். பிளைவுட்டின் பில்லும், மைக்காவின் நிற எண்ணும், மீந்த மைக்காத் துண்டு ஒன்றும் உங்களிடமே இருக்கட்டும். பின்னாளில் ஒரு ஷட்டரை மாற்ற நேர்ந்தால், அதே நிறத்தைத் தேடி நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் ஏறி இறங்கும் அலைச்சல் மிச்சமாகும்.